மணிப் பூத்தையலும் அதன் பொருத்துமுறையும்
(மலாக்கா நீரிணைப் பகுதி நியோன்யா மகளிரின் மணிக்காலணி பற்றிய விளக்கம்)

மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் என்னும் மூன்று துறைமுக நகரங்களிலும் முற்காலத்தே வந்து தங்கிய சீன வணிகர்க்கும் அந்நிலத்து மகளிர்க்கும் தோன்றிய வழியினர் பெரானாக்கான் எனப்படுவர். அவருள் ஆடவர் பாபா என்றும் மகளிர் நியோன்யா என்றும் வழங்கப்பெறுவர். இம்மகளிர், கடுகினும் சிறிய கண்ணாடி மணிகளை ஊசியாற் கோத்துத் துணியிற் பதித்துப் பூவும் இலையும் பறவையுமாக அமைத்த கைவேலை இன்று அருங்காட்சியகங்களிற் போற்றப்படுகின்றது. ஆயினும், ஆண்டு அவை சுவரில் மாட்டிய ஓவியம்போலக் கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருத்தலின், காண்பார் பூவின் வண்ணத்தை வியந்து அகல்கின்றனர். அப்பூ தனித்து நிற்றற்கென்று தைக்கப்பட்டதன்று. அஃது ஓர் இணையின் பாதி. அவ்விணை ஒரு தொகுதியின் உறுப்பு. அத்தொகுதி ஒரு திருமணத்திற்குரியது. தனித்தனியே தைத்த துண்டுகள் எவ்வாறு பொருத்தப்பட்டன என்பதை அறியாதார்க்குப் பூவின் அமைப்பிலேயே பல கூறுகள் விளங்கா. அதனை விளக்குதலே ஈண்டு நம் நோக்கம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். இத்தொழிலில் தலைசிறந்தது மணி பதித்த காலணி. அதனை இம்மக்கள் 'காசுட் மானெக்' என்பர். 'காசுட்' என்பது காலணி. 'மானெக்' என்பது மலாய் மொழியின் 'மானிக்', அஃதாவது மணி. தமிழுக்கும் வடமொழிக்கும் பொதுவாக வழங்கும் 'மணி' என்னும் சொல்லோடு இதற்குள்ள உறவு வெளிப்படை. மணிக்கல்லைக் குறிக்கும் 'மானிக்கம்' என்னும் மலாய்ச் சொல்லோ, தன் ஈற்று மகரத்தாலேயே தான் வந்த வழி தமிழ் என்பதைக் காட்டி நிற்கின்றது. செருப்பு என்னும் நம் சொல்லும் 'செர்ப்பு' என மலாயில் ஏறியுள்ளது. இவற்றைக் கொண்டு இக்கைத்தொழிலே தமிழகத்தினின்று சென்றது என முடிவு கட்டுதல் ஆகாது. கப்பலிற் சென்ற சொற்கள் கடைத்தெருவிற் புகுந்தன. ஊசியும் மணியும் வேறு துறைகளினின்று வந்தன. சொல்லொப்புமை கண்ட அளவில் தொழிலொப்புமை கொள்ளுதல் நம்மனோர்பால் அடிக்கடி நிகழும் பிழையாதலின் இதனைக் குறித்தோம்.

தமிழரோடு இதற்குள்ள மெய்யான தொடர்பு வேறிடத்தில் உள்ளது. மலாக்காச் சுல்தான்கள் காலத்தே வணிகம் கருதிச் சென்று அங்கேயே மணந்து தங்கிய தமிழர் வழியினர் மலாக்காச் செட்டிகள் எனப்படுவர். சமயத்தால் சைவராகவும் வீட்டுமொழியால் மலாயராகவும் விளங்கும் இவர்தம் மகளிர் சாரோங்கும் கெபாயாவும் உடுப்பர், மணிக்காலணியும் அணிவர். ஆகவே இக்காலணி சீனவழியினர்க்கே உரியதென்பது பொருந்தாது. ஒரே நகரத்தில், ஒரே கடற்காற்றில், அண்டை வீட்டார் இருவர் பகிர்ந்துகொண்ட அணி இது.

இனி, தொகுதி என யாம் கூறியதை விளக்குவோம். பழைய முறைப்படி நியோன்யா திருமணச் சடங்குகள் பன்னிரண்டு நாள் நடைபெற்றன. அதற்கென மணமகளின் வீட்டில் காலணிகள், இடைக்கச்சு, கைப்பை, தலையணையின் இரு முனைகளிற் பொருத்தும் தகடு போன்ற துண்டுகள், மணக்கட்டிலின் திரைக்குரிய தொங்கல்கள் எனப் பலவும் ஆயத்தம் செய்யப்பட்டன. காலணி மணமக்கட்கு மட்டும் அன்று. மணமகன் வீட்டு மூத்தோர்க்கும் தைத்துத் தருவது உண்டு. பெண்ணின் பொறுமையும் கைத்திறனும் சமையலாலும் தையலாலும் அளக்கப்பட்ட காலம் அது. ஆதலின் இளமையிலேயே ஊசி கையிற் கொடுக்கப்பட்டது. ஒரு வகையில் இப்பூக்கள் அப்பெண்களின் தேர்வுத் தாள்கள். அவற்றுள் பெயர் பொறித்தன மிகச் சில. தைத்தவர் இன்னாரென இன்று அறியப்படாதனவே மிகப் பல.

துயர்க் காலத்திற்கும் தனிக் காலணி உண்டு. சிவப்பும் இளஞ்சிவப்பும் மங்கலம் ஆதலின், இறப்பு நிகழ்ந்த வீட்டார் கருமை, வெண்மை, நீலம், பச்சை ஆகிய வண்ணங்களையே அணிந்தனர். நீலப் பூக்கள் நிறைந்த ஒரு காலணியைக் கண்டு 'என்னே இனிய வண்ணத் தேர்வு' எனப் பாராட்டுவார், அது யாரோ ஒரு மகள் தந்தைக்காகத் துயர்காத்த நாள்களில் அணிந்ததாக இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தைக்கும் முறை இருவகைப்படும். பழையது, மணிகளை நூலிற் கோத்து, அந்நூலை வெல்வெட்டின்மேல் வளைத்து, மற்றோர் ஊசியால் இடையிடையே பிணித்துச் செல்வது. கோடு வளைந்தும் நெளிந்தும் செல்ல இதில் இடமுண்டு. பெருவடச்செடிப் பூ, தாமரை, சீனப்புராணத்துப் பறவை ஆகியன இம்முறையிற் பொலிந்தன. புதியது, கட்டம் கட்டமாக நெய்த கான்வாஸ் துணியில் ஒரு கட்டத்திற்கு ஒரு மணி வீதம் எண்ணித் தைப்பது. ஐரோப்பியப் பூத்தையலுக்கென அச்சிட்ட கட்டப்படங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தே இந்நகரங்களிற் பரவிய பின் இதுவே மேலோங்கிற்று. அப்படங்களோடு ஐரோப்பிய ரோசாவும் வந்தது. சீனப் பறவைக்கும் ஐரோப்பிய ரோசாவுக்கும் ஒரே துண்டில் இடங்கொடுத்த அக்கைகட்கு அதில் முரண்பாடு ஒன்றும் தோன்றியதாகத் தெரியவில்லை.

புதிய முறையைச் சற்றே விரித்துரைப்போம். 'பிடாங்கான்' எனப்படும் மரச்சட்டத்தில் துணியை முரசின் தோல்போல் விறைப்பாக இழுத்துக் கட்டுவர். துணி தளர்ந்தால் மணிகள் வரிசை குலையும். மணிகளை நிறவாரியாகச் சிறு கிண்ணங்களில் இட்டு, பருத்தன, சிறுத்தன, உடைந்தன ஆகியவற்றைக் களைவர். இவ்வேலையைச் சிறிது எனக் கருதற்க. ஒரு வரிசையில் ஒரு மணி பருத்திருப்பினும் அதன்மேல் வரும் வரிசைகள் யாவும் கோணும். பழைய மணிகள் பொகீமியா, வெனிசு போன்ற ஐரோப்பிய இடங்களினின்று வந்தவை. அவற்றுள் 'மானிக் போத்தோங்' எனப்படும் பட்டை தீட்டிய வகை, விளக்கொளியிற் கண் சிமிட்டுவது போல் மின்னும். மணியின் அளவெண் கூடக்கூட மணி சிறுக்கும் என்பது இத்துறையின் வழக்கு: 11ஆம் எண் மணி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், 15ஆம் எண் மணி ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்.

ஊசி துணியின் கீழிருந்து மேலெழும்; ஒரு மணியை ஏற்கும்; கட்டத்தின் குறுக்கே சாய்வாகக் கீழிறங்கும். இவ்வளவே தையல். ஓர் அங்குலத்திற்கு 18 கட்டம் உள்ள துணியில் ஒரு சதுர அங்குலத்திற்கு 324 மணிகள் வேண்டும். காலணியின் முகப்பு 12 சதுர அங்குலம் எனக் கொண்டால் ஒரு காலுக்கு 3,888. இணைக்கு 7,776 மணிகள். இக்கணக்கை மனத்திற் கொண்டு, சிங்கப்பூர்ப் பெரானாக்கான் அருங்காட்சியகத்தில் உள்ள பினாங்கு மேசைவிரிப்பை நோக்குக. அதில் பத்து இலக்கத்திற்கு மேற்பட்ட மணிகள் உள்ளன என்பர். ஒருத்தி நாளொன்றுக்கு ஆயிரம் மணி தைத்தாலும் ஆயிரம் நாளுக்கு மேலாகும்.

பொருத்துமுறை பூவின் அமைப்பை ஆளுதல் இனித்தான் புலப்படும். முகப்பின் குறுக்குவரிசையில் கட்டங்களின் தொகை ஒற்றைப்படையாக இருத்தல் நன்று. 61 கட்டமாயின் 31ஆவது நடுவாகும். அதில் பூவின் கரு அமரும். 60 ஆயின் நடுவே ஒரு கட்டம் இராது. பூ ஒருபுறம் ஒதுங்கும். பாதம் பெரிதாயினும் சிறிதாயினும் பூவை நீட்டுவதோ குறுக்குவதோ இல்லை. பூவைச் சூழ்ந்த நிலத்தின் வரிசைகளையே கூட்டிக் குறைப்பர். ஓரத்திற் செல்லும் இலையை மடிப்பிற்கு இரண்டு மூன்று வரிசை முன்னரே நிறுத்துவர். அவ்வாறு நிறுத்தாவிடின், தோலோடு சேர்த்து மடிக்கும்போது இலை வெட்டுண்டதாகத் தோன்றும். ஆகவே பழைய துண்டுகளின் விளிம்பிற் காணும் வெறுநிலம் கற்பனைக் குறைவு அன்று. அது தையற்காரி செருப்புத் தைப்பவனுக்கு விட்ட இடம்.

இடக்காலும் வலக்காலும் கண்ணாடியில் எதிர்நிழல்போல் அமைதல் வேண்டும். பறவை இடமுகப்பில் வலப்புறம் நோக்கினால் வலமுகப்பில் இடப்புறம் நோக்கும். கால்களைச் சேர்த்து நின்றால் இரண்டும் ஒன்றையொன்று காணும். இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. கட்டப்படம் ஒரு பக்கத்திற்கே அச்சிடப்பட்டிருக்கும். மறுபக்கத்தை மனத்தாலேயே திருப்பி எண்ணல் வேண்டும். அன்றியும், இரு முகப்பிலும் தையலை ஒரே புறமாகச் சாய்த்தால் உருவம் திரும்பும், மணியின் சாய்வு திரும்பாது. பக்கவாட்டில் ஒளி விழும்போது இரு பூக்களும் ஒரே வண்ணமாயினும் சிறிதே வேறுபட்டு மின்னுதல் இதனாலாம்.

தைத்து முடிந்தபின் துண்டு வீட்டைவிட்டு வெளியேறுகின்றது. செருப்புத் தொழிலாளி துணியின் உட்புறத்தே அகவுறை ஒட்டி, ஓரத்திற் சிறிது விட்டு மிகுதியை வெட்டி, கால்வடிவான மரக்கட்டையின்மேல் இழுத்து, தோல் அடியோடு பிணைத்துக் குதியும் அமைக்கின்றார். மணி கண்ணாடி, சுத்தியல் இரும்பு. விளிம்பில் ஓர் அடி பிசகினும் ஒரு மாத உழைப்பு உதிரும். பெண்ணின் வேலைக்கு எத்துணைப் புகழ் உண்டோ அத்துணையும் இவ்விரண்டாங் கையை நம்பியே நின்றது. ஆயினும் அருங்காட்சியகக் குறிப்புகளில் இக்கை பேசப்படுதல் அரிது.

இனி ஒரு வினா. தைத்து முடித்தும் காலணியாகப் பொருத்தப்படாத முகப்பு இணைகள் இன்றும் தொகுப்பாளரிடத்தும் குடும்பங்களிடத்தும் உள்ளன. திருமணம் தள்ளிப்போயிருக்கலாம், தைத்தவள் இறந்திருக்கலாம், 1942 முதல் 1945 வரை நிகழ்ந்த சப்பானிய ஆட்சியில் எல்லாம் குலைந்திருக்கலாம். இவற்றை இன்று ஒரு தொழிலாளியிடம் தந்து காலணியாக்குதல் தகுமா? மலாக்காவில் ஓரில்லத்தில் அத்தகைய இணை ஒன்றைக் கண்டோம். பாட்டி தைத்ததை அணிந்து மணமேடை ஏற வேண்டுமெனப் பெயர்த்தி விரும்பினாள். அவள் தாயோ தொடவே கூடாதென்றாள்.

தாயின் பக்கமே எம் கருத்துச் சாய்கின்றது. ஆனால் அவர் கூறிய காரணத்தால் அன்று. பருத்தி நூல் நாளடைவில் இற்றுவிடும். கட்டையில் இழுக்குங்கால் அறுந்து மணி சிந்தும். அதனினும் மேலான காரணம் ஒன்று உண்டு. பொருத்தாத துண்டின் ஓரத்தில்தான் கரிக்கோல் குறிகளும், தவறெண்ணிப் பிரித்த தையலின் துளைகளும், சட்டத்திற் கட்டிய இழுவடுவும் எஞ்சியுள்ளன. தொழிலாளியின் கத்தி முதலில் வெட்டி எறிவது அவ்வோரத்தையே. முடிந்த காலணி அணிந்தவளைப் பற்றிப் பேசும். முடியாத துண்டே தைத்தவளைப் பற்றிப் பேசும். எனினும் அப்பெயர்த்தியின் விருப்பம் பிழையென்று கூற மனம் வரவில்லை. காலணியாகவே கருதித் தைத்த பாட்டி எதனை விரும்பியிருப்பாள் என்னும் கேள்விக்கு ஆய்வாளன் விடையிறுத்தல் அரிது.

நடுவழி ஒன்று உண்டு. பழைய இணையின் கட்டங்களை ஒன்றுவிடாமல் எண்ணித் தாளிற் பதிந்து, அதன்படி புதிய துணியில் புதிதாகத் தைத்தல். சப்பானிலும் செக் நாட்டிலும் செய்யும் மணிகள் இன்று கிடைக்கின்றன. பழைய மணியின் நுண்மையும் நிறமும் முழுதும் வாரா. மலாக்காவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இத்தையலைக் கற்பிப்போர் உளர். 2024இல் கெபாயா உடை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறிய பின்னர் அதனோடு அணியும் காலணிபாலும் நாட்டம் செல்லுதல் இயல்பே. அவ்வாறு எண்ணிப் பதிவோர், பூவை மட்டும் பதியாது, நடுவரிசையின் எண், ஓரத்தில் விட்ட வரிசைகள், இரு முகப்பிலும் தையல் சாய்ந்த புறம், திருத்திய இடங்கள் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். அம்மலாக்கா இணையின் வலமுகப்பில், ரோசாவின் கீழ் மூன்றாம் இலையில், ஒரு மணி மட்டும் நிறம் மாறி உள்ளது. இடமுகப்பில் அவ்விடத்தே அம்மாற்றம் இல்லை.