ஸ்கோர் என்ன சார்?

திருவல்லிக்கேணி பெல்ஸ் ரோட்டில் முன்பின் தெரியாதவரிடமும் கூச்சமில்லாமல் கேட்கக்கூடிய கேள்வியாக இது இருந்தது. டெஸ்ட் மேட்ச் நடக்கும் நாளில் டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிக்கொண்டு ஒருவர் நடந்துபோனால், எதிரே வருகிற சைக்கிள்காரர் ஒரு காலை ஊன்றி நிற்பார். "நாலு விக்கெட் போச்சு, விஸ்வநாத் நிக்கிறான்" என்று பதில் வரும். "அவன் நிக்கிறான்ல, போதும்" என்று சொல்லிவிட்டு சைக்கிள் கிளம்பும். கேள்வி, தகவல், கருத்து மூன்றும் பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். இன்று யாரும் யாரிடமும் ஸ்கோர் கேட்பதில்லை. எல்லோர் சட்டைப் பையிலும் அது இருக்கிறது. கருத்து மட்டும் முன்பைவிட நூறு மடங்கு பெருகியிருக்கிறது.

சேப்பாக்கத்தின் ரசிகர் பேசிய பேச்சும் பேசுகிற பேச்சும் எப்படி மாறின என்பதை நான் கவனித்துக்கொண்டே வந்திருக்கிறேன். ஆட்டம் மாறியதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆட்டத்தைப் பற்றிய பேச்சு மாறியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பொங்கலையொட்டி மெட்ராஸில் டெஸ்ட் நடந்த காலத்தில் ரசிகர் கையில் இருந்த ஆதாரம் மிகக் குறைவு. வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்களின் தமிழ் வர்ணனை, மறுநாள் காலைப் பேப்பர், வாரம் ஒருமுறை ஸ்போர்ட்ஸ்டார், அதன் நடுப்பக்கத்தில் வரும் வண்ணப் படம். நேரில் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். அவர்கள் சொல்வதைக் கேட்கத் திண்ணையில் கூட்டம் கூடும். 1975 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் எடுத்த இன்னிங்ஸில் விஸ்வநாத் 97 ரன்னோடு அவுட் ஆகாமல் நின்றார். அந்த 97-ஐ எங்கள் தெருவில் பல வருஷம் பேசினார்கள். சதம் அடிக்கவில்லையே என்று ஒருவர்கூட குறைப்பட்டு நான் கேட்டதில்லை. எந்தப் பந்தை எப்படி ஸ்கொயர் கட் அடித்தார் என்று கையை வீசிக் காட்டுவார்கள். இன்றைக்கு அந்த 97 'சதம் தவறியது' என்ற தலைப்போடு ஒரு மணி நேரம் ஓடிவிட்டு மறைந்திருக்கும்.

ஆதாரம் குறைவாக இருந்ததால் விவாதம் நீண்டது. அதற்கு 1986 செப்டம்பர் 22-ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. சேப்பாக்கம் டெஸ்டில் ஆஸ்திரேலியா வைத்த இலக்கு 348. கடைசி ஓவரை கிரெக் மாத்யூஸ் போடுகிறார். இந்தியா ஜெயிக்க 4 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். சாஸ்திரி இரண்டாவது பந்தில் 2 ரன், மூன்றாவது பந்தில் ஒரு ரன் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்தார். மிச்சமிருந்த பந்துகளை மணிந்தர் சிங் ஆட வேண்டியதாயிற்று. நாலாவது பந்தைத் தடுத்தார். ஐந்தாவது பந்து காலில் பட்டது, அம்பயர் விக்ரம்ராஜுவின் விரல் உயர்ந்தது. டை. டெஸ்ட் வரலாற்றில் அது இரண்டாவது டை. இன்றுவரை மூன்றாவது வரவில்லை.

அந்த ஒரு பந்து ஒரு தலைமுறைக்கே பேச்சுக் கொடுத்தது. "பேட்டுல பட்டுச்சுடா, சத்தம் எனக்கே கேட்டுச்சு" என்று பட்டாபிராமன் கேட் பக்கம் உட்கார்ந்திருந்தவர் சத்தியம் செய்வார். மணிந்தரும் அப்படியேதான் சொன்னார். அதைவிடச் சூடான விவாதம் சாஸ்திரியைப் பற்றியது. அந்த ஒரு ரன்னை எடுத்திருக்கலாமா? எடுத்ததால் தோல்வி இல்லை என்று உறுதியானது. எடுக்காமல் இருந்திருந்தால் தாமே ஒரு தூக்குத் தூக்கி ஜெயித்திருக்கலாம். 48 ரன்னோடு நிலைத்து நின்ற ஆள், முந்தின ஓவர்களில் மாத்யூஸை இறங்கி அடித்த ஆள். நான் இன்றும் சாஸ்திரி பக்கம்தான். மூன்று பந்தில் ஒரு ரன்னை எதிர்பார்ப்பது தவறான கணக்கு கிடையாது. இதை ஒத்துக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இன்று அந்தப் பந்து விழுந்திருந்தால் மணிந்தர் ரிவ்யூ கேட்டுக் கையால் 'டி' காட்டியிருப்பார். அல்ட்ரா எட்ஜில் கோடு துடித்ததா இல்லையா என்பது ஒரு நிமிடத்தில் பெரிய திரையில் வந்திருக்கும். அது நல்ல மாற்றம், சந்தேகமே வேண்டாம். விக்ரம்ராஜு அந்த டெஸ்டுக்குப் பிறகு இன்னொரு டெஸ்டில் நிற்கவேயில்லை. ஒரு மனிதரின் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றாமல் இருப்பது நியாயம்தான். ஆனால் சண்டை நின்றுவிட்டதா? அது இடம் பெயர்ந்துவிட்டது. பந்தின் பாதிக்கும் குறைவான பகுதி ஸ்டம்பில் பட்டால் அம்பயர் சொன்னதே நிற்கும் என்கிற 'அம்பயர்ஸ் கால்' விதியைப் பிடித்துக்கொண்டு இன்று டீக்கடையில் வாதாடுகிறார்கள். அதை வாதாடுகிற பையனுக்கு இம்பேக்ட், பிட்சிங், விக்கெட்ஸ் மூன்றும் விரல் நுனியில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆன பந்துக்கு எல்பி கிடையாது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

விஷயஞானம் கூடியிருக்கிறது என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். அஷ்வின் யூடியூபில் உட்கார்ந்து தமிழில் கேரம் பால் பற்றியும், எந்த பேட்ஸ்மேனுக்கு ஏன் ரவுண்ட் த விக்கெட் வந்தேன் என்பது பற்றியும் பேசுகிறார். 537 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர் நம் மொழியில் தொழில் ரகசியம் சொல்வதைக் கேட்கும் வாய்ப்பு வெங்கட்ராகவன் காலத்து ரசிகருக்கு வாய்க்கவில்லை. அபினவ் முகுந்த், பத்ரிநாத் ஆகியோரின் தமிழ் வர்ணனையைக் கேட்டு வளர்ந்த பையன், "ஹார்டு லெங்த்ல போட்டா அவன் புல் ஆட முடியாது மாமா" என்று எனக்கே பாடம் எடுக்கிறான். அவன் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது.

மனசு சங்கடப்படுவது வேறு இடத்தில்.

1997 மே 21. பாகிஸ்தானின் சயீத் அன்வர் சேப்பாக்கத்தில் 194 ரன் அடித்தார். வெக்கையில் தசை பிடித்துக்கொண்டு, அப்ரிடியை ரன்னராக வைத்துக்கொண்டு, கும்ப்ளேயின் பந்தில் மூன்று சிக்ஸர்களை வரிசையாகத் தூக்கினார். ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை யாரும் அடிக்காத ரன். அவர் பெவிலியன் திரும்பியபோது ஸ்டேடியமே எழுந்து நின்று கைதட்டியது. 1999 ஜனவரி 31-ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் இலக்கு 271. முதுகுவலியோடு டெண்டுல்கர் 136. ஜெயிக்க 17 ரன் இருக்கும்போது சக்லைன் முஷ்டாக்கைத் தூக்கி அடிக்கப்போய் அவுட் ஆனார். அடுத்த மூன்று விக்கெட்டும் 4 ரன்னுக்குள் விழுந்தன. 12 ரன்னில் தோல்வி. அழுதுகொண்டிருந்த கூட்டம் ஒரு கணம் திகைத்து நின்றது, பிறகு எழுந்தது. பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தது, கைதட்டல் அவர்களோடு கூடவே சுற்றி வந்தது. எங்கள் தெருவில் ஸ்கோர்புக் எழுதும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு பந்தையும் பென்சிலில் குறிப்பார். "நல்லா ஆடினவனுக்குக் கை தட்டலேன்னா நான் எதுக்குடா டிக்கெட் வாங்கி உள்ளே போனேன்?" என்பது அவர் பேச்சு.

இப்போது 2023 மே 10-க்கு வருவோம். அதே சேப்பாக்கம், ஐபிஎல் ஆட்டம், சென்னை அணி ரசிகர்களின் மஞ்சள் கடல். டெல்லியை ஜெயித்த பிறகு ஜடேஜா சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: நான் முன்னாடியே இறங்கினால், எப்போது அவுட் ஆவேன் என்று ஜனங்கள் காத்திருப்பார்கள். உண்மைதான். தோனி களமிறங்குவதைப் பார்க்கும் ஆசையில் தம் அணி ஆட்டக்காரரின் விக்கெட் விழுந்ததற்கே விசில் அடித்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஆமதாபாத் இறுதி ஆட்டத்தில், கடைசி 2 பந்தில் 10 ரன் தேவைப்பட்டபோது, அதே ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தார். அடுத்த வருஷம் கொல்கத்தாவுக்கு எதிரான ஆட்டத்தில், தாம் இறங்குவதுபோலப் படியில் நாலடி வைத்துவிட்டுத் திரும்பி, தோனிக்கு வழிவிட்டு ஜடேஜா கூட்டத்தைச் சீண்டினார். அரங்கம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரணிக்காரனின் நல்ல ஆட்டத்துக்கு எழுந்து நின்ற இடத்தில், நம் ஆள் அவுட் ஆவதற்குக் கை தட்டுவது எனக்கு வலிக்கிறது.

தோனி மீதுள்ள அன்பை நான் குறை சொல்லவில்லை. ராஞ்சிக்காரரை 'தல' என்று இந்த ஊர் சொந்தம் கொண்டாடியது அழகான விஷயம். 2018-ல் காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்குப் போனபோது தனி ரயில் ஏறிப் பின்னாலேயே போன கூட்டம் இது. ஆனால் 2025 மார்ச் 28 அன்று பெங்களூரு அணி 17 வருஷத்துக்குப் பிறகு சேப்பாக்கத்தில் ஜெயித்த ராத்திரியை நினைத்துப் பாருங்கள். தோனி ஒன்பதாவது ஆளாக வந்தார். ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு கடைசி ஓவரில் 2 சிக்ஸர். வெளியே வந்த இளைஞர்கள் பலர் தோற்ற வருத்தமே இல்லாமல் அந்தச் சிக்ஸர்களைப் பேசிக்கொண்டு போனார்கள். ஏன் ஏழாவதாக வரவில்லை என்று கேட்டவர்கள் சிலர்தான், அவர்களையும் மற்றவர்கள் அடக்கினார்கள். அந்த சீசனில் சென்னை கடைசி இடத்தில் முடித்தது.

கருத்துச் சொல்வது இன்று அத்தனை சுலபமாகவும் இல்லை. 2025 ஏப்ரலில் அஷ்வினின் யூடியூப் சேனலில் விருந்தினர் ஒருவர் சென்னை அணி நூர் அகமதைத் தேர்வு செய்ததைப் பற்றி ஏதோ சொல்லப்போய்ப் பெரிய புகைச்சல் ஆனது. அந்த சீசனில் இனி சென்னை ஆட்டங்களைப் பேசப்போவதில்லை என்று சேனல் தரப்பு அறிவித்துவிட்டது. திண்ணையில் ஒருவர் தப்பாகப் பேசினால் எதிரே இருப்பவர் "போடா" என்பார், அதோடு போயிற்று.

பணமும் நடுவே புகுந்தது. சில வருஷம் ஆபீஸ் கேன்டீனில் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லாமல், "கேப்டனா யாரைப் போட்டே?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். ஃபேன்டஸி ஆப்பில் கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி. அதனால் நம் பவுலர் விக்கெட் எடுத்ததற்கு நம்மாளே தலையில் கை வைத்த காட்சியைப் பார்த்திருக்கிறேன். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. எனக்கு அதில் முழு சம்மதம்.

பழைய பண்பு செத்துப்போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். 2023 அக்டோபர் 23 அன்று ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானை 8 விக்கெட்டில் வீழ்த்திவிட்டு இதே மைதானத்தைச் சுற்றி வந்தபோது கைதட்டல் ஓயவேயில்லை. இந்தியா ஆடாத ஆட்டம் அது. இருபது வயதுப் பிள்ளைகள் நின்றபடி தட்டினார்கள்.

இன்னொரு நல்ல மாற்றம், பேசுகிறவர்களில் பெண்கள் இருக்கிறார்கள். அன்று காலரியில் பெண்கள் வந்தாலும் விவாதத்தில் அவர்களுக்கு இடம் தரவில்லை. 2025 நவம்பர் 2 அன்று இந்தியப் பெண்கள் உலகக் கோப்பை வென்ற மறுநாள், பறக்கும் ரயிலில் இரண்டு கல்லூரிப் பெண்கள் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஷஃபாலி கையில் ஹர்மன்ப்ரீத் பந்தைக் கொடுத்தது மூளையா, அதிர்ஷ்டமா என்பது சண்டை. "பார்ட் டைம் பவுலர்டி, ரெண்டு விக்கெட் விழுந்தது லக்." "பேட்டிங்ல 87 அடிச்சிருக்கா, அன்னிக்கு அவ நாள்னு கேப்டனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுக்குப் பேர் லக்கா?" மயிலாப்பூர் வரை நான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது கேட்க.

கடைசியாக என் கருத்து ஒன்று. நம் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர், சாய் சுதர்சனும் வாஷிங்டன் சுந்தரும், ஐபிஎல்லில் குஜராத்துக்கு ஆடுகிறார்கள். 2025-ல் சாய் 759 ரன் அடித்து ஆரஞ்சு தொப்பி வாங்கினார். சென்னை ரசிகர்கள் அதை ஏதோ வெளியூர்க்காரர் சாதனைபோலப் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. அது போகட்டும். இந்திய டெஸ்ட் அணியின் பேட்டிங் வரிசையில் மூன்றாம் இடம் யாருக்கு என்பதுதான் கேள்வி. 2025 ஜூலையில் மான்செஸ்டரில் டெஸ்டைக் காப்பாற்ற வாஷிங்டன் ஆட்டமிழக்காமல் 101 எடுத்தார். நவம்பரில் கொல்கத்தாவில் மூன்றாவதாக இறக்கினார்கள். பந்து பாம்பாய்த் திரும்பிய அந்த ஆடுகளத்தில் இந்தியா 93 ரன்னில் சுருண்டபோது அதிகபட்சம் அவருடைய 31. அடுத்த டெஸ்டில் குவாஹாட்டியில் அவரை எட்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு சாயை மூன்றாவதாக இறக்கினார்கள். ஒரு ஆட்டத்தில் முடிவு செய்கிற விஷயமா இது? 93-ல் 31 என்றால் என்ன என்று அந்தப் பென்சில் பெரியவருக்குத் தெரிந்திருக்கும். சாய்க்குத் தொடர்ச்சியாகப் பத்து டெஸ்ட் மூன்றாம் இடத்தில் கொடுங்கள், வாஷிங்டனை ஆறில் நிரந்தரமாக வையுங்கள். பத்தாவது டெஸ்ட் முடிந்த பிறகு பேசுவோம்.