தண்ணீர் பாட்டிலில் ஆசிட்

சில ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது பணியாற்றிய பள்ளியில் ஒரு மதிய இடைவேளை. விளையாடிக் களைத்து வந்த நான்காம் வகுப்பு மாணவன், கழிவறைச் சுவரோரம் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்கு குடித்துவிட்டான். அதில் இருந்தது கழிவறை கழுவும் ஆசிட். “எரியுது சார்!” என்று அலறிக்கொண்டு ஓடி வந்தான். நான் அவனை வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடினேன். சக ஆசிரியை ஒருவர் “வேண்டாம் சார்” என்று டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார்.

அவர் செய்ததே சரி என்று மருத்துவமனையில் தெரிந்துகொண்டேன். எரித்துக்கொண்டே இறங்கிய திரவம் வாந்தியில் மேலே வரும்போது, உணவுக்குழாயை இரண்டாம் முறையும் எரிக்கும். மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலும் பாதிக்கப்படும்.

நாம் பாடத்தில் நடத்தும் நடுநிலையாக்கல் வினையும் இங்கே உதவாது. அமிலத்துக்குச் சோடா மாவு, காரத்துக்கு எலுமிச்சைச் சாறு என்று கொடுத்தால், அந்த வினையில் வெளிப்படும் வெப்பம் புண்ணை இன்னும் மோசமாக்கலாம். சாக்கடை அடைப்பு நீக்கும் பொடிகளில் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரங்கள் திசுக்களைக் கரைத்து ஆழமாக இறங்கக்கூடியவை.

மாணவனின் உதடு லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். “பயமில்லை” என்று நினைத்தோம். ஆனால், வாயில் புண் இல்லாமலே உணவுக்குழாய் வெந்திருக்கலாம் என்று சொல்லி மருத்துவர் எண்டோஸ்கோப்பி செய்தார். உள்ளே புண் இருந்தது. சில வாரங்களில் அது தழும்பாகி உணவுக்குழாய் சுருங்கியது. சோறு இறங்காமல் கஞ்சி மட்டுமே குடித்தான். குழாயை விரிவாக்கும் சிகிச்சைக்குப் பலமுறை போய்வந்த பிறகுதான் சத்துணவு வரிசையில் மீண்டும் நின்றான்.

இப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியவை:

1. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.
2. வாயைத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பச் செய்யலாம். மருத்துவர் சொல்லாமல் எதையும் குடிக்கக் கொடுக்கக் கூடாது.
3. ஆசிட் பட்ட உடையைக் கழற்றி, தோலையும் கண்ணையும் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.
4. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். குழந்தை தெளிவாக இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.
5. குடித்த திரவம் இருந்த பாட்டிலை மூடி, கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

அமெரிக்காவில் சோப்பு காய்ச்சவும் வீடு கழுவவும் வாங்கி வைத்த காரத்தைக் குழந்தைகள் குடித்து, உணவுக்குழாய் சுருங்கித் தவித்த காலம் உண்டு. அவர்களுக்குச் சிகிச்சை அளித்த செவாலியர் ஜாக்சன் என்ற மருத்துவர், இத்தகைய பொருள்களின் மேல் ‘விஷம்’ என்று அச்சிட வேண்டும் எனப் பல ஆண்டுகள் போராடினார். 1927-இல் அதற்குச் சட்டம் வந்தது.

இன்று நம் கடைகளில் வாங்கும் பாட்டில்களிலும் எச்சரிக்கை இருக்கிறது. அதைத் தண்ணீர் பாட்டிலுக்கோ குளிர்பான பாட்டிலுக்கோ மாற்றும்போது அந்த எச்சரிக்கையை நாமே தூக்கி எறிகிறோம். அன்று அந்தப் பாட்டிலில் ஊற்றி வைத்த தூய்மைப் பணியாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. தினமும் அந்தச் சுவரைக் கடந்து போன நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

இப்போது என் பள்ளியில் ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் எல்லாம் வாங்கிய பாட்டிலிலும் டப்பாவிலுமே, பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் கழிவறைப் பக்கம் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன். பெற்றோர் கூட்டத்திலும் இதையே முதலில் சொல்கிறேன். இன்று உங்கள் பள்ளியிலும் ஒருமுறை நடந்து பாருங்கள்.