குங்குமம் ஏன் மஞ்சளானது?

வீட்டுப் போட்டோ பிரிண்டர் செய்த கோளாறு

அப்பத்தாவின் நெற்றியில் குங்குமத்தைக் காணோம்!

குங்குமம் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு. முகம் வெளிறிய பச்சை. கட்டியிருந்த அரக்குச் சேலை பாசி பிடித்தது போல் இருந்தது.

பிரிண்டரில் இருந்து வந்த படத்தைப் பார்த்து வீட்டில் எல்லோரும் திகைத்துப் போனார்கள்.

மதுரைப் பக்கம் ஒரு வீடு. மறுநாள் காலையில் அப்பத்தாவுக்கு முதல் வருஷத் திதி. இருந்தது ஒரே ஒரு நல்ல கலர்ப் படம். கல்யாண வீட்டில் எடுத்தது. அதைப் பெரிதாக்கி வைக்க வேண்டும் என்பது தாத்தாவின் ஆசை. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஸ்டூடியோ பூட்டிக் கிடந்தது. "நம்ம வீட்டு பிரிண்டர்லேயே எடுத்துடலாம் தாத்தா" என்றாள் பேத்தி.

எடுத்தார்கள். தாத்தா படத்தை வாங்கிப் பார்த்தார்.

"இது அவ இல்லை" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

நாலே மை!

படம் கெட்டதற்கு யார் காரணம்? கம்ப்யூட்டரா? காகிதமா? மையா?

விடை அந்தக் குங்குமத்திலேயே இருந்தது. யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை.

வீட்டு பிரிண்டரில் பெரும்பாலும் நாலே நாலு மைதான் இருக்கும். ஒன்று சயான். இது வெளிர் நீலம். இரண்டாவது மஜெந்தா. இதை வீடுகளில் ரோஸ் என்பார்கள். மூன்றாவது மஞ்சள். நான்காவது கறுப்பு.

சிவப்பு மை என்று தனியாக எதுவும் கிடையாது. ரோசும் மஞ்சளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் அது சிவப்பு. வெளிர் நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை. வெளிர் நீலமும் ரோசும் சேர்ந்தால் ஊதா கலந்த நீலம். மற்ற நிறங்கள் எல்லாம் இப்படிப் பிறந்தவைதான்.

பத்திரிகையில் வரும் கலர்ப் படமும் இப்படித்தான் அச்சாகிறது. ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் தெரியும். முகம் மறைந்துவிடும். புள்ளிகள்தான் இருக்கும்!

ஆகவே, நாலில் ஒரு மை வராவிட்டால் படம் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். ரோஸ் நின்றுபோனால் சிவப்பு மஞ்சளாகும். முகம் பச்சை தட்டும். மஞ்சள் நின்றுபோனால் பச்சை இலை நீலமாகும். முகம் ரோஸ் நிறமாகும். வெளிர் நீலம் நின்றுபோனால் வானம் சிவந்து வெளுக்கும். இலை மஞ்சளாகும்.

அப்பத்தாவின் குங்குமம் மஞ்சளானது. அப்படியானால் வராமல் நின்றது எது? ரோஸ் மை!

அப்பா செய்த தவறு

வீட்டுக்காரர் என்ன செய்தார்? கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். சிவப்பைக் கூட்டினார். மறுபடி அச்சிட்டார். பொட்டு இன்னும் அழுத்தமான மஞ்சளாக வந்தது!

குழாய் அடைத்துக் கிடக்கும்போது தொட்டியில் தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

"காலையில கூட ஒரு விண்ணப்பம் அடிச்சேனே! எழுத்து நல்லாத்தானே வந்துச்சு?" என்று அவருக்குச் சந்தேகம்.

எழுத்து நன்றாக வரும். அதற்குக் கறுப்பு மை மட்டும் போதும். பல பிரிண்டர்களில் பளபளப்பான போட்டோ காகிதத்துக்கு அந்தக் கறுப்பு பயன்படுவதே இல்லை. மற்ற மூன்று நிறங்களையும் கலந்துதான் கறுப்பை உண்டாக்குகின்றன. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை அச்சிட்டால் பச்சையாகவோ சிவப்பாகவோ வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மூன்றில் ஒன்று சரியாக வரவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, மைத் தலையைச் சுத்தம் செய்யும் கட்டளையைக் கொடுத்தார். ஒரு தடவை அல்ல, ஆறு தடவை! பிரிண்டர் முனகியது. தொட்டியில் மை மளமளவென்று இறங்கியது.

இது கைக்காசைக் கரைக்கிற வேலை. சுத்தம் செய்வது என்றால் துவாரங்கள் வழியாக மையை உறிஞ்சி வெளியேற்றுவது. வெளியேறும் மை பிரிண்டருக்குள் இருக்கும் பஞ்சு மெத்தையில் போய்ச் சேரும். அந்த மெத்தை நிரம்பிவிட்டால் பிரிண்டர் வேலை செய்ய மறுக்கும். பிறகு மெக்கானிக்கைத் தேட வேண்டியதுதான்.

அம்மாவின் கண்

பிரிண்டர் வாங்கியபோது வந்த புத்தகத்தைப் பேத்தி பரணில் இருந்து எடுத்து வந்தாள். பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் இருந்தது! எத்தனை வீடுகளில் இதே கதையோ?

அதில் 'நாசில் செக்' என்று ஒரு சோதனை சொல்லப்பட்டிருந்தது. சாதாரண வெள்ளைக் காகிதம் ஒன்று போதும். நாலு நிறத்திலும் மெல்லிய கோடுகளால் கட்டம் போட்டுக் காட்டும். துவாரம் அடைத்திருந்தால் அந்த இடத்தில் கோடு விட்டுப்போகும்.

காகிதம் வந்தது. அம்மா எட்டிப் பார்த்தார். கோலத்தில் ஓர் இழை விட்டாலும் கண்டுபிடிக்கிற கண் அது.

"என்னங்க, இந்த ரோஸ் கட்டத்துல பாதிக்கு மேல காணோமே?"

அடைப்பு தெரிந்துவிட்டது. இந்தச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால், ஒரு போட்டோ காகிதம் கூட வீணாகியிருக்காது!

ஊசியும் சூட்டுக்கோலும்

துவாரம் ஏன் அடைக்கிறது? அதன் அளவைத் தெரிந்து கொண்டால் வியப்பு இருக்காது. ஒவ்வொரு துவாரமும் தலைமுடியை விட மெல்லியது. அதில் இருந்து தெறிக்கும் மைத்துளி ஒரு சில பிகோ லிட்டர்தான். பிகோ லிட்டர் என்பது ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு!

இவ்வளவு சிறிய துளியை எப்படித் தெறிக்க வைக்கிறார்கள்? அதில் ஒரு வேடிக்கை உண்டு. 1977-ம் ஆண்டு, ஜப்பானில் கேனன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம். மை நிரப்பிய ஊசி ஒன்றின் மீது, ஈயம் பற்ற வைக்கும் சூட்டுக்கோல் தற்செயலாகப் பட்டது. ஊசி முனையில் இருந்து மை பீறிட்டது! சூட்டினால் மையில் குமிழி உண்டாகும், அது மையை வெளியே தள்ளும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் பிடித்துக் கொண்டார்கள். ஒருவகை பிரிண்டர் இன்றும் இந்த முறையில்தான் இயங்குகிறது. இன்னொரு வகையில் சூடு கிடையாது. மின்சாரம் பாய்ந்ததும் வளைகிற ஒரு சிறு படிகம், மையைப் பிதுக்கித் தள்ளுகிறது.

எந்த வகையானாலும் துவாரத்தில் மை காய்ந்தால் அடைப்புதான். இதைத் தடுக்க பிரிண்டரில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பிரிண்டரின் பொத்தானை அழுத்தி நிறுத்தினால், மைத் தலை தன் மூலைக்குப் போய் ஒரு ரப்பர் மூடியில் உட்கார்ந்து கொள்ளும். பேனாவுக்கு மூடி போடுவது போல!

இந்த வீட்டில் நடந்தது வேறு. கோடை விடுமுறை தொடங்கிய அன்று பிரிண்டர் ஓடிக்கொண்டு இருந்தது. "கரண்ட் வீணாகுதே" என்று அப்பா சுவர் சுவிட்சை அணைத்துவிட்டார். மைத் தலை நடு வழியில் நின்றுவிட்டது. இரண்டு மாதம் திறந்தபடியே காய்ந்தது.

இரவு முழுவதும் ஓய்வு

இனி என்ன செய்வது? "இரண்டு மூன்று தடவை சுத்தம் செய்தும் சரியாகாவிட்டால், நிறுத்திவிட்டுப் பல மணி நேரம் காத்திருக்கவும்" என்ற பொருளில் புத்தகம் சொன்னது. காத்திருக்கும்போது உள்ளே புகுந்த காற்றுக் குமிழிகள் அடங்கும். காய்ந்த மையும் புது மையின் ஈரத்தில் இளகும்.

மறுநாள் திதியை வைத்துக் கொண்டு காத்திருப்பது லேசான காரியமா? ஆனாலும் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டுப் படுத்தார்கள்.

விடியற்காலை நாலரை மணிக்குப் பேத்தி எழுந்தாள். ஒரே ஒரு தடவை சுத்தம் செய்தாள். சோதனைக் காகிதத்தை எடுத்தாள். ரோஸ் கட்டம் முழுதாக வந்திருந்தது!

படத்தை அச்சிட்டாள். குங்குமம் சிவந்தது. ஆனால் படம் முழுவதும் மங்கலாக, சோகை பிடித்தது போல் இருந்தது. இது என்ன புதுக் கோளாறு?

முந்தைய நாள் சோதனைக்காக வெள்ளைக் காகிதம் வைத்தார்கள் அல்லவா? கம்ப்யூட்டரில் காகித வகை 'சாதாரணம்' என்று மாற்றியதை அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டு காகிதத்துக்கும் மை அளவு வேறு வேறு. காகிதத்தின் பெயரைச் சரியாகச் சொல்லாவிட்டால் நல்ல மையும் நல்ல படம் தராது. போட்டோ காகிதத்தைப் புரட்டிப் போட்டாலும் இதே வினைதான். பின்புறத்தில் மை சரியாகப் பிடிக்காது.

'பளபளப்புப் போட்டோ காகிதம்' என்று மாற்றினாள். கடைசிக் காகிதம் அது.

படம் வந்தது. கம்ப்யூட்டர் திரையில் பார்த்ததை விடச் சற்று அடங்கித்தான் இருந்தது. அதில் தவறு இல்லை. திரை ஒளிவிடுகிறது. காகிதம் தன் மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. திரையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் இந்த ஏமாற்றம் குறையும். விளக்கு வெளிச்சத்தில் ஒரு மாதிரியும் பகலில் ஒரு மாதிரியும் தெரியும் என்பதால், கலரைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதுதான் நல்லது.

பொழுது புலர்ந்ததும் படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார்கள். தாத்தா மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டார். வெகு நேரம் பார்த்தார்.

"பொட்டு சரியா இருக்கு" என்றார்.

சட்டத்துக்குள் அடைக்க அப்பா கண்ணாடியைத் துடைத்தார். பேத்தி தடுத்துவிட்டாள். மை முழுவதும் காயாமல் அடைத்தால் கண்ணாடியின் உட்புறம் மங்கல் படியும். ஒரு நாளாவது காய வேண்டும். ஆகவே அட்டையில் சாத்தி வைத்து, மாலையைப் படத்தில் படாமல் போட்டார்கள். மறுநாள் சட்டம் போட்டு, வெயில் விழாத சுவரில் மாட்டினார்கள்.

இப்போது அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சிறிதாக ஒரு கலர்ப் படம் அச்சாகிறது. மை காயாமல் இருக்க அது போதும். என்ன படம் என்பதைத் தாத்தாதான் சொல்கிறார்.