பரிசு 10 லட்சம்; அடக்கத்துக்குக் காசில்லை!

சீட்டாட்டத்தில் 10 லட்சம் டாலர் பரிசு பெற்றவர், அடுத்த ஆண்டே ஏழையாகச் செத்தார்!

அவர் பெயர் ஸ்டூ உங்கர். அமெரிக்காக்காரர். லாஸ் வேகாஸ் நகரில் நடக்கும் உலகப் போக்கர் போட்டியில் 1980, 1981, 1997 ஆகிய ஆண்டுகளில் முதல் பரிசு பெற்றவர். 1997-ல் நுழைவுப் பணம் 10 ஆயிரம் டாலரை நண்பர்தான் கட்டினார். பரிசில் பாதி அவருக்குப் போயிற்று. மீதியைப் பந்தயமும் போதை மருந்தும் விழுங்கின. 1998 நவம்பரில் ஒரு விடுதி அறையில் பிணமாகக் கிடந்தார். அடக்கச் செலவுக்கு நண்பர்கள் பணம் திரட்டினார்கள்!

நூற்றுக்கு இரண்டு

போட்டியில் சேருவோரில் பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். கெட்டிக்காரரும் பல முறை தோற்பார்.

2000-ம் ஆண்டில் வென்ற கிறிஸ் பெர்குசன் இதை அறிந்தவர். ஆட்டத்துக்கு ஒதுக்கிய பணத்தில் நூற்றுக்கு 2-க்கு மேல் ஒரு போட்டியில் கட்டுவதில்லை என்று கட்டுப்பாடு வைத்தார். 100 டாலர் வைத்திருப்பவர் இப்படி ஆடினால், தொடர்ந்து 10 முறை தோற்றாலும் 80 டாலர் மிஞ்சும்.

சீட்டு கைவிடும் நாள் எவருக்கும் உண்டு. அன்று காப்பாற்றுவது மடியில் உள்ள பணமே!