பல்கலைக்கழகம் கைவிட்ட கோதா

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடவர் பயிலும் மல்யுத்தம் ஒலிம்பிக் களத்தில் நாம் காணும் மல்யுத்தத்திலிருந்து சற்று வேறுபட்டது. எதிராளியைத் தூக்கி எறிவதைவிட அவரைத் தரையில் கட்டுப்படுத்தி வைத்திருப்பதற்கே இதில் கூடுதல் மதிப்பு உண்டு. முதல் சுற்று மூன்று நிமிடம், அடுத்த இரண்டும் இரண்டிரண்டு நிமிடம் என ஏழு நிமிடம் நடக்கும் போட்டியில், எதிராளியின் மேலே இருந்து அடக்கிவைத்த நேரம் தனிக் கடிகாரத்தில் கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கில் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ முந்தியிருப்பவருக்கு ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கிறது. இரு தோள்களையும் ஒரு விநாடி விரிப்பில் அழுத்திவிட்டால், அதுவரை யார் எத்தனை புள்ளி பெற்றிருந்தாலும் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

இந்த விளையாட்டுக்கு அந்நாட்டில் இரு வகை அணிகள் உள்ளன. பல்கலைக்கழகமே சம்பளப் பயிற்சியாளரை அமர்த்தி, பயணச் செலவை ஏற்று, திறமைசாலிகளுக்கு உதவித்தொகையும் கொடுத்து நடத்துவது அதிகாரபூர்வ அணி. மாணவர்கள் தாங்களே சேர்ந்து, சந்தா பிரித்து, மாணவர் பேரவை ஒதுக்கும் சிறு நிதியைக் கொண்டு நடத்துவது மன்றம். செய்தித்தாள்களின் விளையாட்டுப் பக்கங்கள் முதல் வகையைத்தான் பேசுகின்றன. ஆனால் இவ்விளையாட்டு பல வளாகங்களில் அழியாமல் நின்றதற்குக் காரணம் இரண்டாம் வகையே.

என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1928ஆம் ஆண்டிலிருந்து மல்யுத்தச் சாம்பியன் போட்டியை நடத்தி வருகிறது. எனினும், 1980களிலும் 90களிலும் அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. 1981-82க்கும் 1998-99க்கும் இடையே ஆடவர் விளையாட்டுகளில் மிகுதியான அணிகளை இழந்தது மல்யுத்தமே என்றும், இழப்பு 171 அணிகள் என்றும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2001இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. கல்வி நிலையங்களில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டின் ‘டைட்டில் நைன்’ சட்டமே இதற்குக் காரணம் என்று மல்யுத்தப் பயிற்சியாளர்களின் தேசியச் சங்கம் 2002இல் கல்வித்துறை மீது வழக்குத் தொடுத்துத் தோற்றது. பயிற்சியாளர்களின் ஆற்றாமை புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் பழியைச் சட்டத்தின் மேல் போட்டது சரியாகப் படவில்லை. அந்தச் சட்டம் பெண்களுக்கு வாய்ப்பளிக்கச் சொன்னதே தவிர, எந்த ஆண்கள் அணியையும் கலைக்கச் சொல்லவில்லை. அமெரிக்கக் கால்பந்தின் பெருஞ்செலவில் கைவைக்க விரும்பாத நிர்வாகங்கள், டிக்கெட் விற்பனை குறைந்த மல்யுத்தத்தை வெட்டுவதே எளிது என்று கண்டன.

இவ்வாறு அணியிழந்த வளாகங்களிலும், உயர்நிலைப் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் மல்யுத்தம் பயின்ற மாணவர்கள் வந்து சேர்ந்துகொண்டேதான் இருந்தார்கள். அவர்களுக்காக 1997இல் உருவானது டெக்சாஸ் மாநிலத்தைத் தளமாகக் கொண்ட தேசியக் கல்லூரி மல்யுத்தச் சங்கம். இலாப நோக்கற்ற இந்த அமைப்பு, நாட்டை வட்டாரங்களாகப் பிரித்துப் போட்டிகளை ஒழுங்குசெய்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் தகுதி பெறுவோரைத் தேசியச் சாம்பியன் போட்டிக்குக் கொண்டுசேர்க்கிறது. தனியே ஒரு மன்றம் நடத்தும் மாணவர்களுக்குத் தம்முடன் மோத ஆள் தேடுவதே பெரும்பாடு; அட்டவணை, விதிமுறை, நடுவர், தரவரிசை ஆகியவற்றை ஒரு பொது அமைப்பு ஏற்றுக்கொள்ளும்போதுதான் மாலைநேரப் பயிற்சி ஒரு பருவப் போட்டியாக உருப்பெறுகிறது.

மன்ற மாணவர்களை இச்சங்கம் எவ்வளவு நெருக்கமாக அறிந்திருக்கிறது என்பதற்கு அதன் எடைப்பிரிவுகளே சான்று. என்.சி.ஏ.ஏ. போட்டிகளில் 125 பவுண்டு முதல் 285 பவுண்டு வரை பத்துப் பிரிவுகள் உள்ளன. கடைசி இரண்டு பிரிவுகளான 197க்கும் 285க்கும் இடையே மட்டும் 88 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 40 கிலோ இடைவெளி. அதிகாரபூர்வ அணியில் இந்த இடைவெளியைப் பயிற்சியும் உணவுத் திட்டமும் ஓரளவு நிரப்பிவிடும். மன்றத்திலோ 95 கிலோ எடையுள்ள பொறியியல் மாணவர் ஒருவர், தம்மைவிட 30 கிலோ மிகுந்த ஒருவரின் கீழே நசுங்க நேரும். எனவே இச்சங்கம் நடுவில் 235 பவுண்டு என்ற பதினோராம் பிரிவைச் சேர்த்தது. சிறிய திருத்தம்தான், ஆனால் யாருக்காகப் போட்டி நடத்துகிறோம் என்பதை மறவாதவர்களின் திருத்தம்.

மன்றத்தின் அன்றாட வாழ்வு உழைப்பு மிகுந்தது. சொந்தக் கூடம் பெரும்பாலும் இராது. மாலையில் உடற்பயிற்சிக் கூடத்தின் ஒரு மூலையில் கனத்த ரப்பர் நுரை விரிப்புகளை உருட்டிப் பரப்பி, இணைப்புகளை ஒட்டுநாடாவால் ஒட்டி, பயிற்சி முடிந்ததும் கிருமிநாசினியிட்டுத் துடைத்து, மீண்டும் சுருட்டி வைக்க வேண்டும். துடைப்பதில் சோம்பினால் படர்தாமரை ஒருவரிடமிருந்து அனைவருக்கும் பரவிவிடும். போட்டிக்கு முன் தோலைப் பரிசோதித்து, தொற்றுள்ளவரைக் களத்தில் இறங்கவிடாமல் தடுப்பது விதி. காது மடிந்து இரத்தம் கட்டி நிரந்தரமாக வீங்கிவிடாமல் காக்கும் கவசத்தையும், உடலோடு ஒட்டிய ‘சிங்லெட்’ உடையையும் பெரும்பாலும் மாணவர்களே வாங்குகிறார்கள். பயிற்சி தருபவர் பெரும்பாலும் ஊதியமின்றி வரும் முன்னாள் வீரர். வாடகை வேனை ஓட்டிச் செல்பவர் அன்று போட்டியிடப்போகும் மாணவராகவே இருப்பதும் உண்டு.

ஆனால் சுயமாக நடத்துவது என்பதற்குக் கட்டுப்பாடின்றி நடத்துவது என்று பொருளில்லை. 1997ஆம் ஆண்டின் இறுதியில், எடைப்பிரிவுக்குள் அடங்குவதற்காக உடலின் நீரை வற்றவைக்க முயன்ற மூன்று கல்லூரி வீரர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தனர். மூவருமே அதிகாரபூர்வ அணிகளைச் சேர்ந்தவர்கள். அதன் பின்னர் வேர்வை பெருக்கும் ரப்பர் உடைகளும் நீராவி அறைகளும் தடைசெய்யப்பட்டன. உடலின் நீர்ச்சத்தையும் கொழுப்பின் அளவையும் சோதித்து, ஒருவர் இறங்கக்கூடிய மிகக் குறைந்த எடையைப் பருவத் தொடக்கத்திலேயே வரையறுக்கும் முறை வந்தது. மருத்துவர் அருகில் இல்லாத மன்றங்களுக்கு இத்தகைய விதிகள் இன்னும் அவசியமானவை.

மன்றம் என்பது இரண்டாந்தர இடம் என்ற எண்ணத்தை லிபர்ட்டி பல்கலைக்கழகத்தின் அனுபவம் மறுக்கிறது. 2011இல் என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவிலிருந்து விலக்கப்பட்டு மன்றமாக மாறிய அதன் அணி, தேசிய மன்றப் பட்டத்தைப் பலமுறை வென்றது. இதற்கு மாறாக, 2020இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் மல்யுத்தம் உட்பட 11 விளையாட்டு அணிகளை நிறுத்துவதாக அறிவித்தபோது, அதன் வீரர் ஷேன் கிரிபித் பல்கலைக்கழகச் சின்னமில்லாத கறுப்பு உடையணிந்து 2021 மார்ச்சில் தேசியப் பட்டம் வென்றார். முன்னாள் மாணவர்களின் தொடர் முயற்சியும் சேர, அந்த மே மாதமே நிர்வாகம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. இரண்டிலும் அணியைத் தாங்கியது நிர்வாகத்தின் தயவன்று, ஆட்டத்தின் மீது பிடிப்புள்ள மனிதர்களே.

இன்று இவ்விளையாட்டு விரைந்து வளர்வது பெண்களிடையே என்பது கவனிக்கத்தக்கது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மோரிஸ் வளாகம் 1993இல் பெண்களுக்கான முதல் அதிகாரபூர்வக் கல்லூரி அணியைத் தொடங்கியது; மன்றங்களின் சங்கம், என்.சி.ஏ.ஏ. முன்வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பெண்களுக்குத் தனிச் சாம்பியன் போட்டியை நடத்தத் தொடங்கிவிட்டது. 2020இல் ‘வளரும் விளையாட்டு’ என்ற தகுதியைப் பெற்ற பெண்கள் மல்யுத்தத்துக்கு 2026 முதல் தேசியச் சாம்பியன் போட்டி நடத்த என்.சி.ஏ.ஏ. 2025 ஜனவரியில் முடிவுசெய்தது. பயிற்சியாளர்கள் ஒரு காலத்தில் நீதிமன்றத்தில் எதிர்த்து நின்ற சட்டம், பெண்கள் அணிகளைத் தொடங்குமாறு கல்லூரிகளைத் தூண்டி, இப்போது இந்த விளையாட்டுக்கே புதிய அணிகளைக் கொண்டுவருகிறது.