எபாக்சியும் கண்ணாடியிழையும் படகைப் பிணைப்பது எப்படி?

மரப்படகு கட்டுவதற்குத் தேர்ந்த தச்சுத்திறன் தேவைப்பட்ட நிலையில், 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் உருவாக்கிய 'மிரர்' பாய்மரப் படகு, பிளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடியிழை நாடாவைப் பிசினால் ஒட்டும் முறையைப் பரப்பியதால், தொழில் பழகாதோரும் கூடிப் படகு கட்ட முடிந்தது.

இன்று இம்முறையில் பெரிதும் பயன்படும் எபாக்சி என்பது பிசின், இறுக்கி என்னும் இரு திரவங்களின் கலவையாகும். இவற்றின் மூலக்கூறுகள் வினைபுரிந்து, குறுக்குப் பிணைப்புகளால் முப்பரிமாண வலையாக மாறும்போது கலவை கெட்டிப்படுகிறது. கண்ணாடியிழை இழுவிசையைத் தாங்க, எபாக்சி அவ்விசையை இழைகளுக்கிடையே பகிர்ந்தளிப்பதுடன், மரத்துள் நீர் ஊறுவதையும் தடுக்கிறது. வினையில் வெளிப்படும் வெப்பம், கிண்ணத்தில் தேங்கிய கலவையிலிருந்து எளிதில் வெளியேறாமல் வினையை மேலும் விரைவுபடுத்துவதால், ஒருவர் சிறிது சிறிதாகக் கலந்து கொடுக்க, மற்றவர் உடனுக்குடன் பூசுவதே ஏற்ற வழியாகும்.