பானையைக் கிளறாமல் பதம் பார்க்கலாமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அம்மா அகப்பையில் நாலு பருக்கைகளை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு உலையை இறக்கிவிடுகிறார். ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. சோறு நன்றாகக் கிளறப்பட்டிருக்க வேண்டும். அடிப்பிடித்த பானையின் மேற்பருக்கை அடியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தார் 1975 முதல் ஆண்டுதோறும் ஒரு பெரிய பானைக்குப் பதம் பார்த்து வருகின்றனர். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் புகை, மது, போதைப்பொருள் பழக்கம் பற்றிக் கேட்கும் ஆய்வு அது. 1991இல் எட்டாம், பத்தாம் வகுப்புகளும் சேர்ந்தன. முந்தைய 12 மாதங்களில் கஞ்சா பயன்படுத்தியதாகக் கூறிய பன்னிரண்டாம் வகுப்பினர் 1979இல் 50.8 சதவீதம், 1992இல் 21.9 சதவீதம். இவ்வளவு பெரிய வீழ்ச்சி எந்தக் கணக்குக்கும் தப்பாது. ஓராண்டில் 22 என்பது 23 ஆனால்? பழக்கம் உண்மையிலேயே பரவுகிறதா, அல்லது அகப்பையில் வந்த பருக்கைகளின் தற்செயலா? அரசு திட்டம் தீட்டுவதற்குமுன் இதற்கு விடை வேண்டும்.

நாடு முழுவதிலிருந்தும் குலுக்கல் முறையில் 1,000 பேரைத் தேர்ந்து கேட்டோம். பாதிப்பேர் 'ஆம்' என்றனர் என்போம். விடை ஏறத்தாழ 3 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். இப்படி 100 முறை மாதிரி எடுத்தால், சுமார் 95 முறை உண்மை இந்த எல்லைக்குள் அடங்கும். பிழையைப் பாதியாக்க 2,000 பேர் போதாது. 4,000 பேர் வேண்டும். பிழை குறைவது வர்க்கமூலக் கணக்கில். 16,000 பேர் என்றால் பிழை முக்கால் சதவீதம்.

இங்கேதான் சிக்கல். நாடெங்கும் சிதறிக் கிடக்கும் 16,000 பேரைத் தேடிப் போக யாரால் இயலும்? எனவே பல ஆண்டுகள் சுமார் 130 பள்ளிகளைத் தேர்ந்து, அவற்றில் ஏறத்தாழ 15,000 மாணவரைக் கேட்டனர். ஒரே பள்ளி மாணவர்கள் ஒரே ஊரார், ஒரே நட்புக் கூட்டத்தார். கிளறாத பானை இது!

உங்கள் பள்ளியின் சராசரி உயரத்தைக் காண ஒரே வகுப்பில் 40 பேரை அளந்து பாருங்கள். பிறகு பத்து வகுப்புகளில் நான்கு பேர் வீதம் அளந்து பாருங்கள். அளந்தவர் தொகை ஒன்றே. ஆனால் முதல் விடையை நம்ப முடியுமா? கொத்துக் கொத்தாக எடுத்த 16,000 பேர், தனித்தனியே எடுத்த 4,000 பேருக்குச் சமமாகிவிடக்கூடும். அப்படியானால் முக்கால் சதவீதப் பிழை ஒன்றரை ஆகிவிடும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி மிக அழகானது என்பேன். ஒவ்வொரு பள்ளியையும் இரண்டு ஆண்டுகளுக்கு அழைக்கின்றனர். ஆண்டுதோறும் பாதிப் பள்ளிகள் மாறும், பாதி தொடரும். தொடரும் பள்ளிகளின் தனிப்போக்கு இரு ஆண்டுகளிலும் இருப்பதால், கழிக்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது. எனவே மாற்றத்தைத் துல்லியமாக அறியலாம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் ஆய்வு பாதியில் நின்றது. கிடைத்தவர் வழக்கமான தொகையில் கால் பங்கே. வர்க்கமூலக் கணக்குப்படி பிழை ஏறத்தாழ இரண்டு மடங்கு!

படிப்பைப் பாதியில் விட்டவர்களும், அன்று வகுப்புக்கு வராதவர்களும் இந்தப் பானையிலேயே இல்லை. அவர்களிடம் இப்பழக்கங்கள் கூடுதல். 16,000 பேரை 16 இலட்சமாக்கினாலும் இந்தக் குறை தீராது.